எருக்க இலைக் கட்டு

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் குழாயடியில் வழுக்கி விழுந்து, என் முழங்கால் பயங்கரமாக வீங்கிவிட்டது. கணவர் வேலைக்குப் போயிருந்த நேரம், சேதி கேட்டு கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து நின்றாள் அவருடைய மூத்த மனைவி. நான் இரண்டாந்தாரமாக வந்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சே இல்லை.

அவள் பையிலிருந்து எருக்க இலைகளை எடுத்ததும் காலை இழுத்துக்கொண்டேன். எருக்கம்பால் விஷமாயிற்றே! இலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டிய அவள் கைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வீக்கம் வத்திரும். காலை நீட்டு" என்றாள்.

"மொதல்ல உங்க கால்ல கட்டுங்கக்கா. அப்புறம் பார்க்கலாம்."

அவள் கோபப்படவில்லை. சேலையைச் சற்றே உயர்த்தினாள். அவள் முழங்காலிலும் அதே இலை, துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. சுற்றிலும் வீக்கம்.

"இந்தக் காலோடயா டேசன்லேருந்து நடந்து வந்தீங்க?"

"இங்க ஒனக்கு வேற யாரு இருக்கா?"

காலை நீட்டினேன். இலை இதமாகச் சுட்டது. சில நாளில் வீக்கம் வடிந்தது. இலையாலா, ஓய்வாலா, இன்றும் எனக்குத் தெரியாது. அவளை முழுதாக நம்ப நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் அன்று அவள் காய்ச்சித் தந்த கஞ்சியை முகர்ந்து பார்க்காமல் குடித்தேன்.