ஸ்டீக்குக்கு முன்னால் வெந்தது

இருபத்தேழு வருஷம் ஓவன் சர்வீஸ் பார்த்தவன் நான். சாந்தோம் வீட்டுச் சமாச்சாரத்தை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.

கம்ப்ளெயின்ட் இதுதான்: "ஸ்டீக் செருப்புத் தோலாட்டம் வருது. ஓவன் சரியா ஹீட் ஆகல." கொடுத்தவர் ராபின், ஐ.டி. கம்பெனிக்காரர். ஓவன் வாங்கி ரெண்டே வாரம். தேனாம்பேட்டை ஆபீஸில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "யோவ், அந்தாளு மாத்திக் குடுன்னு நிக்கிறாரு. நீயே போய் ஒருவாட்டி சமைச்சுக் காட்டிட்டு வா."

போனதும், "எப்படி வெச்சீங்க சார்?" என்றேன்.

"ஃப்ரிட்ஜுலேர்ந்து எடுத்து நேரா உள்ள வெச்சேன். அப்புறம் ஆன் பண்ணேன். ஒரு மணி நேரம்."

"மாட்டுக்கறிய அப்டி வாட்னா தோலாத்தான் சார் வரும். ஓவன் மேல இன்னா தப்பு கீது?"

பேச்சிலேயே வியாதி தெரிந்துவிட்டது என்ற தெனாவட்டு எனக்கு. ஓவன் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெறும் ஓவன் முதலில் சூடேறட்டும் என்று இருநூற்று இருபது டிகிரியில் ப்ரீஹீட் போட்டுவிட்டு, கறியைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, உப்பு தடவி, குளிர் விடட்டும் என்று மேடையில் வைத்தேன்.

பத்து நிமிஷத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். "வயர் எரியுதா?" என்று ராபின் பதறினார். அந்த நேரம் பார்த்து அவர் அம்மா ஸ்டெல்லா, மாதா கோயிலில் பூசை முடிந்து உள்ளே வந்தார். ஓவன் லைட் எரிவதைப் பார்த்தார். "ஐயோ! என் அட்டிகை!"

கதவைத் திறந்தேன். ஒரு பிஸ்கட் டப்பா உருகி ட்ரேயோடு ஒட்டிக் கிடந்தது.

"ஏம்மா, நகைய யாராவது இதுல வைப்பாங்களா?" என்று ராபின் கத்தினார்.

"மெக்கானிக் வரான்னு நீதானடா சொன்ன! பீரோவுல விட்டுட்டு எப்படி கோயிலுக்குப் போவேன்? வாஷிங் மிஷின் பாக்க வரான்னு நெனச்சேன்."

நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். அடப்பாவிகளா, எனக்குப் பயந்து ஒளித்ததை நானே அவித்துவிட்டேன்!

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாம்மாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம், அதற்கு வைத்திருந்த நகை. தங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லைப் பிடித்திருந்த அரக்கு உருகி, சிவப்புக் கல்லெல்லாம் உதிர்ந்துவிட்டது. அந்தம்மா தட்டில் எடுத்து வைத்துப் பார்த்து, "ஒரு கல்லு இல்லையே" என்றார். ரெண்டு பேரும் என் சட்டைப் பையைப் பார்த்தார்கள்.

ஆபீஸுக்கு ஒரு போன் போதும், வேலை காலி, பேரும் காலி. நானே பையை வெளியே இழுத்துக் காட்டினேன். டூல் பேக்கைத் தரையில் கொட்டினேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமோ ஆத்திரம்.

ஆறிய பிளாஸ்டிக்கை ராபின் பிய்த்தபோது உள்ளே அந்தக் கல் ஒட்டியிருந்தது. "இதோ இருக்கும்மா."

வந்த வேலையை முடிக்காமல் போக மனசில்லை. ட்ரேயை மாற்றி, ஜன்னலைத் திறந்து, நாற்றம் போகும்வரை ஓவனைக் காலியாக ஓடவிட்டுத் துடைத்தேன். கறியைக் காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம், சூடேறிய ஓவனில் ஆறு நிமிஷம். வெளியே எடுத்துப் பத்து நிமிஷம் மூடி வைத்து, நாருக்குக் குறுக்கே வெட்டினேன். கத்தி அழுத்தாமலே இறங்கியது.

"மனசுல வெச்சுக்காதீங்க தம்பி, ஒரு துண்டு சாப்பிடுங்க" என்றார் அந்தம்மா. வாயில் போட்டேன். பஞ்சு மாதிரிதான் இருந்தது. ரெண்டாவது துண்டுக்குக் கை நீட்டாமல் டூல் பேக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ரெண்டே விஷயம். ப்ரீஹீட் போடுமுன் கதவைத் திறந்து பாருங்கள். கிளம்புமுன் அந்த வீட்டு அம்மாவுக்கே போன் போட்டு, "ஓவன் பாக்க வரேம்மா, ஓவன்" என்று ரெண்டு தடவை சொல்லுங்கள். நகையை வேறு எங்கேயாவது ஒளித்து வைக்கட்டும்.