அகழானுக்காகக் கூட்டாமல் விட்ட முற்றம்

என் வளவில் இராசவள்ளிக் கொடி செழித்து ஏறியிருந்த அந்த மாரியில், நிலத்துக்குக் கீழே இன்னொருவர் குடியிருப்பது தெரியவந்தது. பெருச்சாளி. எங்கள் பக்கத்தில் அகழான் என்போம். மேலே கொடி பச்சைப்பசேலென்று நிற்க, கீழே அது தன்பாட்டுக்குக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தது.

கனடாவில் இருக்கும் என் மகள் தை மாதம் வருவதாக இருந்தாள். தொலைபேசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, இராசவள்ளிக் கஞ்சி காய்ச்சித் தருவியளே? கடைக் கிழங்கு வேண்டாம், எங்கடை வளவுக் கிழங்கு." பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதை ஒரு அகழான் தின்பதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறி வைத்தேன். தேங்காய்ச் சொட்டை மட்டும் தின்றுவிட்டுப் பொறியை எனக்கே விட்டுப்போனது. கடைசியில் எலி, கறையான் ஒழிக்கும் கம்பனி ஒன்றைக் கூப்பிட்டேன்.

கல்யாண வீட்டுக்குக்கூட அவ்வளவு ஆயத்தம் சொல்லமாட்டார்கள். விறகை அகற்று, தேங்காய்ப் பொச்சுமட்டையை அள்ளு, புல்லைச் செருக்கு என்று கம்பனிக்காரத் தம்பி அடுக்கிக்கொண்டே போனார். நாரி முறிய எல்லாம் செய்தேன். அதற்குப் பிறகுதான் பெரிய குண்டைப் போட்டார்.

"பின்னேரம் எல்லாக் குழியையும் மண்போட்டு மூடுங்கோ, அம்மா. விடியேக்கை எது திறந்து கிடக்குதோ, அதுக்குள்ளைதான் அகழான். நான் வாறவரைக்கும் முத்தத்தைக் கூட்டாதேங்கோ. கூட்டினால் ஒண்டும் பிடிபடாது."

முற்றத்தைக் கூட்டாமல் விடுவதா! காய்ச்சலில் கிடந்தாலும் எழும்பிக் கூட்டி, தண்ணீர் தெளித்த பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும். குழிகளை மூடிவிட்டுப் படுத்தாலும் இரவு முழுக்க அதே கவலை.

விடிந்ததும் எட்டிப் பார்த்தேன். கிழங்குப் பாத்தி ஓரத்தில் குழிகள் திறந்து, புதுமண் குவிந்து கிடந்தது. அகப்பட்டாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் முற்றம் முழுக்க மாவிலையும் பலாவிலையும். பார்க்கப் பார்க்கக் கை துருதுருத்தது. இனி வெளியே நின்றால் கை சும்மா இராது என்று முன்கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் போய் இருந்துகொண்டேன்.

தேத்தண்ணி பாதி குடித்திருப்பேன். முற்றத்தில் சர், சர் என்று சத்தம். விளக்குமாற்றுச் சத்தம்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பக்கத்து வளவுக்காரி நின்றாள். வேலிக்குக் கதியால் நடும்போது ஒரு சாண் என் பக்கம் தள்ளி நட்டவள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவள்தான் படலையைத் திறந்து வந்து, என் விளக்குமாற்றாலேயே, என் முற்றத்தைக் கண்ணாடிபோலக் கூட்டி வைத்திருந்தாள். புதுமண் எல்லாம் குழிகளுக்குள் போய், ஒரு குழியையும் காணவில்லை.

"உயிரோடைதான் இருக்கிறீரோ?" என்று கேட்டாள்.

"உம்மை ஆர் கூட்டச் சொன்னது?"

"பின்னை என்ன? வெய்யில் ஏறியும் முத்தம் கூட்டேல்லை, கதவும் சாத்திக் கிடக்கு. தனி மனுசி, வருத்தத்திலை விழுந்திட்டீர் எண்டு நினைச்சன். பாக்க வாற சனத்துக்கு முத்தம் உந்தக் கோலத்திலையோ கிடக்கிறது? கூட்டிப்போட்டுக் கதவைத் தட்டுவம் எண்டு இருந்தன்."

கதவைத் தட்டுவதற்கு முன் முற்றம்! ஏசத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் உண்மையாகவே பயந்துபோய் வந்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துக் கம்பனிக்காரத் தம்பியும் வந்து, தலையில் கைவைத்தார். "திரும்ப முதலிலை இருந்து செய்யவேணும், அம்மா. இனி வாறதெண்டால் மாசக் கடைசியிலைதான்." மாசக் கடைசிவரை விட்டால் அகழான் கொடியின் வேரைக்கூட மிச்சம் வைக்காது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்தாள்.

"மூடினது நான்தானே, எனக்குத் தெரியாதே? இஞ்சை ஒண்டு. உதிலை ஒண்டு. அந்த மூலையிலை பெரிசு ஒண்டு. இத்தினை குழியோடை ஒரு மனுசி எப்பிடித்தான் குடித்தனம் நடத்துறாவோ!"

அவள் பிடியால் குத்திக் காட்டிய இடமெல்லாம் தம்பி கிளறி மருந்து வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருநாள் என் முற்றம் கூட்டாமல் கிடந்தால் பதறி ஓடிவர ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. கோபத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படியே நினைக்கவிட்டேன்.

தையில் கிண்டியபோது பாதிக் கிழங்கு போயிருந்தது. மீதி ஒரு பானைக் கஞ்சிக்குப் போதுமாக இருந்தது. மகள் முதல் கோப்பையைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இரண்டாவது கோப்பையை வேலிக்கு மேலால் கொடுத்துவிட்டு வந்தேன். சற்று நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது.

"இனிப்புக் காணாது!"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அவவோடை கதைக்கிறேல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம், கதைக்கிறேல்லைத்தான்" என்று சொல்லி, சீனிப் போத்தலை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன்.