வெள்ளிக்கிழமை அவித்த முட்டை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. காரணம் ஜாதகம் இல்லை, சீர்வரிசை இல்லை. ஆறு முட்டை. அவித்தவள் நான்.

என் சமையலைப் பற்றி இந்தப் பக்கத்தில் வாரா வாரம் நான் அளக்கிற அளப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு மாறுதலுக்கு இந்த வாரம் அசடு வழிந்த கதையைச் சொல்கிறேன்.

என் கொழுந்தன் சண்முகம் பட்டாளத்தில் ஆஸ்பத்திரிப் பிரிவில் இருக்கிறான். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, குளிப்பாட்டி விடுவது எல்லாம் அவன் வேலை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அரை டிராயர் போட்டிருந்தவன். ஆகவே 'அவன்' என்றே எழுதுகிறேன், பட்டாளம் மன்னிக்கட்டும். மூன்று வருஷம் கொரியாவில் இருந்துவிட்டு, சண்டை ஓய்ந்த பிறகு, ஒரு மாத லீவில் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தான். வாசுதேவநல்லூரில் பெண் பார்த்தோம். அவனுக்கும் பிடித்தது, அவளுக்கும் பிடித்தது. ஞாயிறன்று பெண் வீட்டார் தட்டோடு வந்து தாம்பூலம் மாற்றுவதாகப் பேச்சு. திங்களன்று அவனுக்கு ரயில்.

ஆள் பாதியாகத்தான் திரும்பி வந்திருந்தான். "உனக்கு என்ன வேணும் சொல்லு, ஆக்கித் தாரேன்" என்று வந்த அன்றைக்கே கேட்டேன். கறிக்குழம்பு கேட்பான் என்று நினைத்தேன்.

"கறுப்புத் தண்ணியில ஊறவச்ச முட்டை, மைனி" என்றான்.

முட்டையை ஊறவைப்பதா? கோழி கேட்டால் சிரிக்குமே...

அவன் விளக்கினான். முட்டையை அரைவேக்காட்டில் அவிக்க வேண்டும். தோலை உரித்தால் வெள்ளை கெட்டியாக நிற்க வேண்டும். உள்ளே மஞ்சள் கரு தேன் போல இருக்க வேண்டும். சோயா என்று அங்கே ஒரு பயறு. அதை மாதக்கணக்கில் புளிக்க வைத்து ஒரு கறுப்புச் சாறு எடுப்பார்களாம். அதில் பூண்டு, வெங்காயம், மிளகாய் நறுக்கிப் போட்டு, வறுத்த எள்ளைத் தூவி, நல்லெண்ணெய் நாலு சொட்டு விட்டு, முட்டையை இரண்டு நாள் ஊறப்போட வேண்டும்.

"கொரியாவிலயும் எள்ளும் நல்லெண்ணெயும் உண்டா?"

"உண்டு மைனி. பூண்டு நம்மளவிட ஜாஸ்தி."

அதைக் கேட்டதும் அந்த ஊர்மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. சோயாச் சாறு மட்டும்தான் சிக்கல். கடைவீதியில் கேட்டேன் — மருந்துக் கடைக்குப் போகச் சொன்னார்கள். மூன்று வாரம் தேடி, கடைசியில் என் ஜாடியிலேயே வழி கிடைத்தது. நாலு வருஷத்து உப்பு நார்த்தங்காய், அடியில் கறுத்த சாறு. அதைக் கருப்பட்டித் தண்ணீரில் கலந்து ஒரு கொதி விட்டேன். சண்முகம் விரலால் தொட்டு நக்கினான். "இது அது இல்ல மைனி. ஆனா அதுக்குத் தங்கச்சி" என்றான்.

சாறு அமைந்துவிட்டது. முட்டைதான் என்னைப் படுத்தியது. மஞ்சள் கரு ஒழுகினால் அது வெந்த முட்டையா? எனக்கு மனசு ஒப்பவில்லை; முதல் தடவை பத்து நிமிஷம் கொதிக்க விட்டேன். கல். அதையும் அவன் தின்றுவிட்டான். அடுத்த தடவை அவனே ரிஸ்ட் வாட்சைப் பார்த்து ஆறு நிமிஷம் என்றான். அது கொரியா முட்டைக் கணக்கு. நம் நாட்டுக்கோழி முட்டை சிறிசு, கரு முக்கால்வாசி இறுகிவிட்டது. மூன்றாம் தடவை நாலரை நிமிஷம். கரு சரி, ஆனால் சூட்டோடு உரித்ததில் வெள்ளை பிய்ந்து எல்லாம் வழிந்தது. உடனே பானைத் தண்ணீரில் போட்டுக் குளிரவிட்டு உரிக்க வேண்டும் என்று அப்போதுதான் புத்தி வந்தது. புத்தி வந்தபோது முட்டை தீர்ந்துவிட்டது.

அன்றைக்கு வியாழக்கிழமை இரவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இலையில் வைக்க வேண்டுமென்றால் இரண்டு நாள் ஊற வேண்டும். அதாவது வெள்ளிக்கிழமை அவிக்க வேண்டும்.

கோமதி அம்மன் கோவில் மணி கேட்கிற தெருவில், வெள்ளிக்கிழமை, முட்டை!

கோழி வளர்க்கும் பக்கத்து வீட்டு வள்ளியம்மை அக்காவிடம் போய் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருக்கு ஏட்டி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

"சண்முகத்துக்கு, அக்கா. அரைவேக்காடா அவிச்சுக் கொடுக்கணும்."

"டாக்டர் சொன்னாரா?"

"ஆமா" என்றேன்.

வேறு என்ன சொல்வது? நம் ஊரில் ருசிக்காகச் சாப்பிடுவது குற்றம், நோய்க்காகச் சாப்பிட்டால் அனுதாபம். அக்கா நல்ல முட்டையாகப் பார்த்துப் பார்த்து ஆறு எடுத்துக் கொடுத்தாள். "அம்மா காப்பாத்துவா, கவலப்படாத" என்று என் கையை வேறு பிடித்தாள். எதற்கு இவ்வளவு உருக்கம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அன்றைக்கே ஆறையும் அவித்து, குளிரவிட்டு உரித்து, சாற்றில் ஊறப்போட்டேன்.

டாக்டர் யாருக்கு அரைவேக்காட்டு முட்டை எழுதிக் கொடுப்பார்? டி.பி. வந்தவர்களுக்கு. ஆள் மெலிந்து வேறு வந்திருக்கிறான். வள்ளியம்மை அக்காவின் தங்கை வாழ்க்கைப்பட்டது வாசுதேவநல்லூர். இனி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு காலை பஸ்ஸில் பெண்ணின் அப்பா மட்டும் வந்தார். பெண்கள் வரவில்லை, தட்டு வரவில்லை. கையில் குடை மட்டும். கொடுத்த காபியைத் தொடாமல் என் கணவரைப் பார்த்துப் பேசினார்.

"கோவப்படாதிய. எனக்கு ஒத்தை மவ. தம்பிக்கு நெஞ்சுல ஏதும் கோளாறு உண்டா? டாக்டர் அரைவேக்காட்டு முட்டை கொடுக்கச் சொல்லியிருக்காராமே."

ஒளித்துப் பயனில்லை. "மாமா, டாக்டரும் இல்ல, நோவும் இல்ல. வெள்ளிக்கிழமை முட்டை அவிக்க வெக்கப்பட்டு நான் சொன்ன பொய்" என்றேன்.

அவர் கோபப்படவே இல்லை. நிதானமாகக் கேட்டார். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்லுதது பொய்யா? நான் எதை நம்ப, தாயி?"

நியாயமான கேள்வி. என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

சண்முகம்தான் பேசினான். "நாளைக்குக் காலையில நீங்களே எந்த டாக்டர்ட்ட வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க, மாமா. நெஞ்சக் காட்டுதேன், பொறவு ரயிலேறுதேன். ஆனா முட்டைய மைனிகிட்டக் கேட்டது நான்தான். அது ஏன்னு சொல்லிருதேன்."

இந்த ஒரு மாதத்தில் அவன் சண்டையைப் பற்றி எங்களிடம் வாய் திறந்ததில்லை.

"கொரியாவுல அந்த ஊர்ப் பையன் ஒருத்தனுக்கு வயித்துல குண்டு பட்டிருந்தது. அவன் அம்மா கூடவே இருந்தா. அவனுக்கு வாய்வழியா ஒண்ணும் கொடுக்கக் கூடாது. அந்த அம்மாவுக்கு மனசு கேக்கல. எங்கனயோ முட்டை வாங்கிட்டு வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவுல கரி அடுப்புல அவிச்சு, ஊறப்போட்டு வச்சா. ஊறப்போட்டா கெடாதுல்லா? மவன் சாப்பிடுத அன்னைக்கு இருக்கணும்னு. அது வேகுத நேரத்த நான் வாட்சைப் பாத்து எண்ணுததக் கண்டு, எனக்கும் செய்யக் காமிச்சா."

ரிஸ்ட் வாட்சைத் தடவிக்கொண்டே மேலே சொன்னான்.

"அவன் பிழைக்கல, மாமா. நான்தான் குளிப்பாட்டி விட்டேன். மறுநா அந்த அம்மா ஜாடியத் தூக்கிட்டு எங்கிட்ட வந்தா. சாப்பிடு சாப்பிடுன்னு கையால காமிச்சா. நான் சாப்பிட்டு முடிக்குத வரைக்கும் பக்கத்துலயே நின்னா. ரெண்டு நாளா எனக்கும் சாப்பாடு இல்ல, அவளுக்கு அது எப்படித் தெரிஞ்சுதோ. நான் பேரு கூடக் கேக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. 'என்ன சாப்பிட்டாய், எப்படிச் செய்தார்கள்' என்று முப்பது நாளாக அவனைக் குடைந்தேனே... 'யார் போட்டார்கள்' என்று ஒரு தரம் கேட்டேனா? மூன்று வருஷம் இவனுக்காக நான் விளக்குப் போட்டது இங்கே. சோறு போட்டது யாரோ ஒருத்தி, தன் பிள்ளையைப் பறிகொடுத்த மறுநாள்.

பெண்ணின் அப்பா எழுந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். குடையைச் சுவரில் சாத்திவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு வைங்க, தாயி."

இலை போட்டு, சோறு வைத்து, ஒரு முட்டையை வைத்தேன். அவர் பிட்டதும் கரு தேன் போலச் சோற்றில் இறங்கியது. அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சரியாக வந்திருந்தது. அவர் மெதுவாக, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். இரண்டாவதும் கேட்டார்.

"டாக்டர்ட்டல்லாம் போவாண்டாம்" என்றார் கை கழுவிக்கொண்டே. "ஒரு துண்டுக் காயிதம் கொண்டாங்க. இது செய்யுத விதத்த ஒண்ணு விடாம எழுதிக் கொடுங்க. நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு என் மவள்லா செஞ்சு போடணும்?"

எழுதிக் கொடுத்தேன், கண்ணைத் துடைத்துத் துடைத்து.

பெயர் தெரியாத அம்மா, உங்கள் மகனுக்கென்று வைத்த முட்டை வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறிவிட்டது — நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.