பட்டுக்கைக்கு வந்த நடுக்கம்

கடைத்தெருவில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். பட்டுக்கை என்று கேட்டால் நேராகச் சலூன் வாசலில் கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். அவர் சவரம் செய்யும்போது கத்தி ஓடுவதே தெரியாது. நாற்காலியிலேயே குறட்டை விட்டவர்கள் பலர் உண்டு. அப்படிப்பட்ட மனிதர், ஐம்பது தாண்டியதும், தன் கையைத் தானே வேவு பார்க்க ஆரம்பித்தார்.

காரணம் அவருடைய அப்பா. அவருக்கும் இதே தொழில், இதே கடை. ஐம்பத்திரண்டாவது வயதில் அவர் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் கத்தியை விட்டார், அப்புறம் கத்தரிக்கோலை. கடைசியில் கரண்டி பிடிக்கவும் முடியாமல் போய், மகன்கள் இருவரும்தான் மாறி மாறி ஊட்டிவிட்டார்கள். மூத்தவர் அதை அப்போதே மறந்துவிட்டு லாரி ஓட்டப் போனார். இளையவரான பட்டுக்கைக்கு அந்த வயது மனதில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. உனக்கும் வரும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரே கேஸ் போட்டு, அவரே வாதாடி, அவரே தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

தினமும் காலையில் டம்ளர் நிறையத் தண்ணீரை ஏந்தி, கையை நீட்டி, அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். விளிம்பு வரை தண்ணீர் இருந்தால் யார் கையிலும் அது கொஞ்சம் அலையத்தான் செய்யும். ஊரில் வேறு யாரும் காலங்காத்தாலே அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

"தண்ணிய அந்த முறை முறைச்சா, அது பயந்து நடுங்காம என்ன செய்யும்?" என்பாள் மனைவி.

"உனக்கு எல்லாமே விளையாட்டு."

"டாக்டர்கிட்டயும் போயாச்சு. நரம்புல ஒண்ணுமில்லன்னு அவரே சொல்லிட்டாரே."

"என் முகத்தப் பார்த்து எப்படிச் சொல்லுவார்? மறைக்கிறார்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டாக்டர் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

ஒருநாள் வாடிக்கையாக வரும் வாத்தியாருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கன்னத்தைப் பார்க்க வேண்டிய கண், எதிர்க் கண்ணாடியில் தன் விரல்களைப் பார்த்தது. கத்தி காதோரம் வழுக்கியது. சின்னக் கீறல்தான், படிகாரம் தேய்த்ததும் ரத்தம் நின்றுவிட்டது. வாத்தியார் பெரிய மனதோடு, "பரவால்ல, விடுங்க," என்றார். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். அன்றிலிருந்து பட்டுக்கை கத்தியைத் தொடவில்லை. கூட வேலை பார்த்த மைத்துனனிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கல்லாப்பெட்டி அருகே உட்கார்ந்துகொண்டார். இந்த மாதம் முடிந்ததும் கடைச் சாவியையும் அவனிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

"அவசரப்படாதீங்க மாமா," என்று அவன் எவ்வளவோ சொன்னான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அந்த வாரம்தான் அண்ணி போன் செய்தார். அண்ணன் பல மாதங்களாகக் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால் லோடு, லோடு என்று சாக்கு.

"தம்பி, அவரை நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். தாடி காடு மாதிரி கெடக்கு. நீங்க வந்து எடுத்துவிடணும்."

"என்ன அண்ணி உடம்புக்கு?"

"வந்து பாருங்க."

"மச்சினன அனுப்புறேன். என் கை சரியில்ல."

"உங்களத் தவிர வேற யாரும் தொடக்கூடாதுங்கிறார்."

பட்டுக்கை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழி நெடுக அண்ணன் கழுத்தில் ரத்தம் வழிவதாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து வைத்திருந்தார். அப்படியும் தோள் ஆடியது. தாடை இடைவிடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தை யாரும் தம்பிக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை.

"என்னடா நிக்கிற? சுடுதண்ணி ஆறுது," என்றார் அண்ணன்.

பட்டுக்கை சோப்பு நுரையைத் தடவினார். கத்தியைப் பிரித்தார். ஆடுகிற தாடையில் கத்தி அசையாமல் நின்றால் வெட்டிவிடும். தாடை போகிற பக்கம் கத்தியும் கூடவே போக வேண்டும். இடது உள்ளங்கையால் அண்ணன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். தாடை இந்தப் பக்கம் வரும்போது கத்தியை லேசாகத் தூக்கினார், அந்தப் பக்கம் போகும்போது கூடவே இறக்கினார். காதோரம், கன்னம், பிறகு மோவாய்க் குழி. அவர் கண்ணில் அண்ணன் முகத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. தனக்கு ஒரு கை இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

ஒரு பக்கம் முடிந்தது. அண்ணி துண்டால் துடைத்துப் பார்த்தார். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"எப்பலேருந்துண்ணே?"

"போன வருஷத்துலேருந்து."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன் பயம் எனக்குத் தெரியாதா? இதையும் கேட்டா அன்னைக்கே கடைய மூடியிருப்பே." அண்ணன் வாய் குழறியது. நிதானித்துக்கொண்டு பேசினார். "அப்பா விட்டுட்டுப் போனதுல உனக்குப் பங்கு இல்லடா. மொத்தத்தையும் நானே எடுத்துக்கிட்டேன்."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பட்டுக்கைக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, எனக்கில்லை என்று உள்ளே ஏதோ மூச்சு விட்டது. யார் முகத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மூச்சை விட்டோம் என்பது உடனே உறைத்தது. அவர் தன் ஆயுளில் அதைப்போல வெட்கப்பட்டதில்லை. கண்ணீர் பொலபொலவென்று அண்ணன் தலையில் விழுந்தது.

"அழறதுன்னா கத்தியக் கீழ வச்சுட்டு அழு," என்றார் அண்ணன். "இன்னும் ஒரு கன்னம் பாக்கி இருக்கு."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கன்னத்துக்கு நுரை போட்டார்.