இரண்டாவது பில்டர்

அம்மா கோபித்துக்கொண்டு நயினாதீவிலுள்ள தாய்வீட்டுக்குப் போவதென்றாலும், அப்பாதான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய்க் குறிகட்டுவான் துறையில் லோஞ் படகேற்றி விடவேண்டும். பின்னேரத்தில் எங்கள் சுருவில் பக்கம் பஸ்ஸை நம்பேலாது.

அன்றைய சண்டை, குழம்புக்குப் புளி கூடியதில் தொடங்கி மாமாவின் கலியாணத்தில் போய் முடிந்தது. "இனி இந்த வாசல் மிதிக்கமாட்டன்" என்று அம்மா பையைக் கட்டினா. அப்பாவோ முற்றத்தில் குந்தியிருந்து, பெற்றோல் குழாயை நடுவில் வெட்டி, ஊத்தை வடிக்கிற சின்னப் பில்டர் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, ஏற்கெனவே ஒண்டு கிடக்கெல்லே?" என்றா அம்மா.

"டாங்கிக்குள்ளை கறள், துருத்துருவாக் கொட்டுது. காபரேற்றர் அடைச்சால் நடுப்பாலத்திலையெல்லே நிக்கவேணும். நீர் லோஞ்சை விட்டிடுவீர்."

பெண்சாதியை அனுப்பிவைக்க இந்த மனுசனுக்கு இவ்வளவு கரிசனையா என்று எனக்கு அழுகை வந்தது.

முன்னால் நானும் பின்னால் அம்மாவுமாகப் போன மோட்டார் சைக்கிள் நின்றது. அதுவும் புங்குடுதீவுப் பாலத்தின் நட்டநடுவில். கொஞ்ச நேரம் விட்டு உதைத்தால் ஓடும்; பிறகு விக்கி விக்கி நிற்கும். அப்பா இறங்கிக் குழாயைத் தட்டிப் பார்த்து, "சுத்தமாத்தான் வருது. ஆனா ஆறுதலா, சொட்டுச் சொட்டா வருது" என்பார். எனக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. தேத்தண்ணியை இரண்டுதரம் வடித்தால் நல்லதுதானே? நேற்று ஊத்தையோடு ஓடினது, இன்றைக்குச் சுத்தத்தோடு ஏன் நிற்கவேண்டும்?

துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசி லோஞ் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அப்பா உச்சுக்கொட்டினார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து வெட்டாத குழாயொன்றை எடுத்து, பில்டரோடு கிடந்ததைக் கழற்றிவிட்டுப் பூட்டினார். அம்மா அந்தக் குழாயைப் பார்த்தா, அப்பாவைப் பார்த்தா, பையோடு பின்னால் ஏறிக்கொண்டா. வீடு வரைக்கும் மோட்டார் சைக்கிள் பறந்தது.

அடுத்த வருசம் இன்னொரு சண்டை. இது கொஞ்சம் பெரிது. அம்மா அழுதழுது பையைக் கட்டினா. பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, மெல்லிய குரலில், "பிள்ளை, கொப்பர் அந்த ரெண்டாவது பில்டரைப் பூட்டிப்போட்டாரோ எண்டு பாத்துக்கொண்டு வா" என்றா.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பூட்டவில்லை. எனக்கு அம்மா போவதில் துளியும் விருப்பமில்லை. என்றாலும் அவவின் மனம் குளிரட்டுமென்று, "இல்லையம்மா, இண்டைக்கு லோஞ்சைப் பிடிச்சிடலாம்" என்றேன்.

நல்ல செய்திதானே சொன்னேன்? அம்மா ஏன் முன்னையைவிடப் பெரிதாக அழுதா என்று எனக்கு விளங்கவேயில்லை.