முடி எடுக்காத தோல்

மூன்று வருடத்துக்கு முன்னால், வாணியம்பாடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் முதலாமாண்டு சேர்ந்த புதிதில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிளஸ் டூவில் வரி பிசகாமல் மனப்பாடம் செய்தே மார்க் வாங்கியவள் நான். கல்லூரியிலும் அதே வழிதான். சீனியர் அக்காவின் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, ஆம்பூரிலிருந்து போகும் பஸ்ஸிலேயே உருப்போட்டுவிடுவேன். முதல் இன்டர்னல் தேர்வில் தோல் பதனிடும் முறை பற்றிப் பெரிய கேள்வி. ஒரு கமா விடாமல் எழுதினேன்.

கிடைத்தது பூஜ்யம். எனக்கும் பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் விடை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக, அதுவும் ஒரே தப்போடு இருந்ததாம். யாரைப் பார்த்து யார் காப்பியடித்தது என்று பேராசிரியை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். இரண்டு பேரும் ஒரே ஜெராக்ஸைப் படித்தோம் என்றதைக் காதிலேயே வாங்கவில்லை. நாளைக்கு அப்பாவோடு வந்தால்தான் வகுப்புக்குள் விடுவாராம். செய்யாத குற்றத்துக்குத் திருட்டுப் பட்டம். எந்த இடத்தில் தப்பு என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அப்பா தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புப் பிரிவில் வேலை செய்பவர். அரை நாள் லீவு போட்டு, சலவைச் சட்டையில் வந்து கைகட்டி நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"மேடம், இப்பவே பார்க்காம சொல்றேன், கேளுங்க" என்று விடையை முழுதாக ஒப்பித்தேன். தோலைக் குரோம் உப்பில் பதனிடும் பகுதி, அடுத்து சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை நீக்கும் பகுதி என்று கடகடவென்று. ஒரு சொல் தவறவில்லை.

பேராசிரியை என் விடைத்தாளை எடுத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஏம்மா, முடி எடுத்த அப்புறம்தானே குரோமுக்கே போவும்? அப்பன் இன்னா வேலை செய்றான்னுகூடவா உனக்குத் தெரியல?"

ஜெராக்ஸ் கடையில் இரண்டு தாள் இடம் மாறியிருக்கிறது. தினமும் சுண்ணாம்பு வாசனையோடு வீட்டுக்கு வருகிறவரின் மகள், அதை அப்படியே விழுங்கியிருக்கிறேன்.

திருடி என்றவர் இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்தக் கோபம் ஆறவும் இல்லை. அதைவிட ஜாஸ்தி கோபம் என் மேல்தான். இப்போதெல்லாம் எதைப் படித்தாலும் தாளை மூடிவிட்டு அப்பாவிடம் என் சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். அவருக்குப் புரியவில்லை என்றால், நான் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.