குறி தவறிய பூதம்

போன ஞாயிற்றுக்கிழமை ஜொகூரில் உள்ள பத்து பாகாட் ஊரில் ஒரு பூதம் என் நண்பனை அடித்தது. குறி தவறிவிட்டது. அந்த வருத்தத்தில் நண்பன் எழுந்து போய்விட்டான்.

தலை சுற்றுகிறதா? சொல்கிறேன்.

ஞாயிறு மதியம் ஆனால் நாங்கள் நாலு பேர் ஒரு திரைச்சீலைக் கடையின் மாடி அறையில் கூடுவோம். பேப்பர், பென்சில், பன்னிரண்டு முகப் பகடை, கொறிக்கக் கரிபாப், குடிக்கக் கோப்பி... இவ்வளவுதான் சாமான். பழைய காலத்துக் கதை ஆட்டம். ஆளுக்கொரு வீரன். கலா டீச்சர் கதையை நடத்துவார். பூதம், பேய், கொள்ளைக்காரன் எல்லாம் அவர்தான். எதிரிக்கான பகடையை ஓர் அட்டைக்குப் பின்னால் உருட்டி, விழுந்ததைச் சொல்வார்.

புத்தகத்தில் இருக்கும் விதிப்படி, கவசம் போட்டவன்மேல் அடி சுலபத்தில் விழாது. பகடை சரியாக விழவில்லையா? மிஸ். சண்டை பாதி நேரம் "மிஸ், மிஸ்" என்றே ஓடும். கொட்டாவி வரும்.

அதை மாற்றியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் சிவா. "சண்டைன்னா அடி விழணும் லா. இரும்புச் சட்ட போட்டா வலி கொறையும், அவ்ளோதான்" என்றான். பல வாரம் கத்திச் சண்டை போட்டு, எங்களுக்கென்று ஒரு விதி செய்தோம். எந்த அடியும் தவறாது. பகடையில் விழும் எண்ணில் இரும்புச் சட்டை மூன்றைத் தாங்கும், தோல் சட்டை ஒன்றை. மிச்சம் உயிரில் கழியும். ஆட்டம் சூடு பிடித்தது.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் சிவாவின் மனைவி மலர் இறந்துபோனார். சிறுநீரகக் கோளாறு, நெடுநாள் அவஸ்தை. காரியம் முடிந்த பிறகு அவன் மறுபடி ஆட வந்தான். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. அவனிடம் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

போன ஞாயிறு பூதம் சிவாவின் வீரன்மேல் கோடரியை வீசியது. கலா அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டினார். பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"மிஸ்ஸுண்ணே" என்றார்.

சிவா பென்சிலைக் கீழே வைத்தான்.

"மிஸ்ஸா? நம்ம ரூல்ல மிஸ்ஸே கெடையாதே கலா."

அலமாக்! கருணையில் கலா விதியையே மறந்துவிட்டார். நான் சமாளிக்கப் பார்த்தேன். "இல்ல லா, சில நேரம் சட்டையில வழுக்கிட்டுப் போகும்ல..." எனக்கே கேவலமாக இருந்தது.

அவன் அட்டையை நகர்த்தினான். பகடையில் எட்டு.

"எப்பலேர்ந்து இப்படிப் பண்றீங்க?"

"அக்கா போனதிலேர்ந்துண்ணே. உங்களுக்கு விழுற எண்ண மட்டும் கொறச்சுச் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார் கலா.

சிவா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"ஆபீஸ்ல என் வேலையெல்லாம் வேற ஆள்கிட்ட குடுத்துட்டாங்க. என்கிட்ட சொல்லல, பாவம்னு. வீட்ல மகன் என்கூட சண்டை போடறதையே விட்டுட்டான். எல்லாரும் மெதுவா பேசுறாங்க. இங்க ஒரு எடத்துலதான் எனக்கும் எல்லாரையும் மாதிரி அடி விழுதுன்னு நம்பிக்கிட்டு இருந்தேன்."

பிறகு அவனே கணக்குப் போட்டான். "எட்டுல சட்ட மூணு தாங்கும். மிச்சம் அஞ்சு. என்கிட்ட உயிர் நாலுதான். செத்தான்." நாற்காலியைத் தள்ளிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனான். கரிபாப்பை யாரும் தொடவில்லை.

நீங்களும் இதைச் செய்திருப்பீர்கள். துக்க வீட்டுக்காரர் வந்தால் சிரிப்பை நிறுத்துவது, கேலியை விழுங்குவது, தோற்க வேண்டியவரை ஜெயிக்க விடுவது... நாம் இதற்கு இரக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவருக்கோ, தன்னையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது போலிருக்கிறது.

இந்த வாரம் முழுக்க அவனுக்கு என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன். எல்லாமே மெத்தென்று இருந்தன. நேற்று சாயங்காலம் போன் செய்துவிட்டேன்.

"டேய், இரும்புச் சட்ட போட்டும் ஒரு பூதத்துக்குத் தாக்குப்பிடிக்காத ஆளு இந்த ஜொகூர்லயே நீ ஒருத்தன்தான் லா" என்றேன்.

போச்சு, வாய்க்கொழுப்பில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"வாய மூடு லா, பொறம்போக்கு" என்றான்.

எத்தனை மாதமாயிற்று அவன் என்னைத் திட்டி! மூச்சு வந்தது எனக்கு. அப்புறம்தான் அழ ஆரம்பித்தான். மலர் போன அன்றுகூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

நான் ஆறுதல் சொல்லவில்லை. இந்த ஒரு அடியாவது அவனுக்கு முழுசாக விழட்டும்.